ஏற்காட்டு நிலத்துக்குப் பொது பவரா, தனி பவரா?

ராணுவத்தில் இருப்பவர் விடுப்பு முடிந்து லடாக்குக்குக் கிளம்பும்போது, சேலத்துக் குடும்பங்களில் எழும் கேள்வி இது. பவர் என்பது, நமக்குப் பதிலாக நம் சொத்துக் காரியங்களைப் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்.

வேலை: பொது பவர் இருந்தால் பட்டா, வரி, வழக்கு எல்லாவற்றையும் ஒருவரே பார்க்கலாம். தனி பவர், பத்திரத்தில் எழுதிய காரியத்துக்கு மட்டும்.

ஆபத்து: இங்கேதான் நிதானம் வேண்டும். பொது பவரில் ‘விற்கவும்’ என்ற ஒரு சொல் இருந்தால் போதும், அவர் பனிமலையில் காவல் நிற்கும்போதே காபித் தோட்டம் கைமாறிவிடும். கையெழுத்துக்கு முன் வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அலைச்சல்: தனி பவரில் அடுத்த காரியத்துக்கு அடுத்த பத்திரம்.

மனைவிக்குக் கொடுப்பதென்றால் பொது பவர் சரி. பங்காளி, தரகர் என்றால் தனி பவர் போதும். அப்புறம், கொடுத்தவர் இறந்தால் பொதுவாக இரண்டுமே செல்லாது. வாரிசுச் சான்றிதழுக்குத்தான் போக வேண்டும்.