சுங்கை சிப்புட்டில் ஒரு மருந்துக்கடை: கிரீம் வாங்கப் போய்க் கிடைத்த விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மருந்துக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. நான் சொல்வது பஸ் ஸ்டாண்டு பக்கமுள்ள சின்னக் கடை. விலை எல்லாம் மற்ற இடங்களைப் போலத்தான். அங்குள்ள மருந்தாளர் அம்மாவுக்காகவே போகலாம்.

அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஈப்போவில் கேப்சிடபின் மாத்திரை கொடுத்தார்கள். அதன் பக்கவிளைவாக உள்ளங்கைத் தோல் உரிய ஆரம்பித்ததும் யூரியா கிரீம் வாங்கப் போனோம். மருந்தாளர் அம்மா அப்பாவின் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, விரலிடுக்கு வரை தானே பூசிக் காட்டினார். "கொப்புளம் வந்தா அடுத்த தவணை வரைக்கும் காத்திருக்காதீங்க அங்கிள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க" என்றார்.

அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. "ஒரு வேளைகூட விடலையே, ஏம்மா மருந்து கேக்கல?" என்று அப்பா அவரிடம்தான் கேட்டார்.

"உங்க மேல தப்பே இல்ல" என்று சொல்லிவிட்டு, காலி மருந்துப் பெட்டியைப் பிரித்து உள்பக்கத்தில் வரைந்தார். செல்லுக்குள் மைக்ரோ ஆர்என்ஏ என்று ஏறக்குறைய 22 மரபு எழுத்து நீளத்தில் துணுக்குகள் உண்டு. புரதம் செய்யச் சொல்லி வரும் கட்டளையில் ஒட்டிக்கொண்டு அதை அடக்கிவிடும். 1993-இல் புழுவில் இதைக் கண்டறிந்த இருவருக்கு 2024-இல்தான் நோபல் பரிசு. கேப்சிடபின் உடம்புக்குள் 5-எஃப்யூ என்ற புற்று மருந்தாக மாறிப் புற்றுச் செல்லின் டிஎன்ஏவைக் கெடுக்கிறது. அந்தச் சேதத்தைக் கண்டுபிடித்துச் செல்லைச் சாகவிடுவதில் எம்எஸ்எச்2 என்ற புரதத்துக்குப் பங்குண்டு. மைஆர்-21 என்ற மைக்ரோ ஆர்என்ஏ மிகுந்தால் அந்தப் புரதம் குறைகிறது, செல் தப்பிவிடுகிறது. "ஆய்வுக்கூடத்தில் பார்த்த பல வழிகள்ல இது ஒண்ணு. உங்க கட்டியில இதுதான் நடந்ததுன்னு யாராலும் சொல்ல முடியாது" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது.

இந்த நேரம் பார்த்து ஒருவர், மைக்ரோ ஆர்என்ஏவைச் சரிசெய்யும் என்று ஒரு பவுடரை அப்பாவிடம் விற்கப் பார்த்தார். டப்பாவை மருந்தாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மைஆர்-34 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏவை மருந்தாக ஏற்றிப் பார்த்த சோதனையே கடுமையான பக்கவிளைவுகளால் 2016-இல் நின்றுபோனது, பவுடரை நம்பிக் காசை விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். தன் கடைச் சரக்கு எதையும் மாற்றாக நீட்டவில்லை. செட்டுக்சிமாப் என்ற வேறொரு புற்று மருந்தின் பேச்சு வந்தால், அது பலன் தருமா என்று தெரிய முதலில் ராஸ் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள் என்று, டாக்டரிடம் காட்ட மலாயில் எழுதியும் கொடுத்தார்.

குறை என்றால், உட்கார ஒரு நாற்காலி இல்லை. சம்பள வாரத்தில் சாயங்காலம் கூட்டம் நெரிக்கும். வயதானவர்களைக் காலையிலேயே கூட்டிப் போங்கள்.