டெங்குவைப் பிடிக்கும் இரண்டு ஆன்டிபாடிகள்: எது நல்லது?

டெங்கு வைரஸின் மேல்பரப்பில் 180 ‘E’ புரதங்கள் (வைரஸின் உறைப் புரதங்கள்) 90 ஜோடிகளாகப் படுத்திருக்கும். நம் உடம்பு நிறைய உருவாக்கும் ஒரு வகை ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கும் தற்காப்புப் பொருள்), அந்த E புரதத்தின் நுனி வளையத்தைத் தேடிப் பிடிக்கிறது. நாலு வகை டெங்குவிலும் அந்த இடம் ஒன்றுபோலத்தான், ஆனால் முதிர்ந்த வைரஸில் அது பெரும்பாலும் மறைந்திருப்பதால் பிடி சரியாக விழாது. அரைகுறையாக ஒட்டினால் இன்னும் மோசம்: வெள்ளையணு ஆன்டிபாடியின் வாலைப் பிடித்து வைரஸையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ள, அது அங்கேயே பெருகிவிடும். இரண்டாவது முறை வரும் டெங்கு சிலருக்குக் கடுமையாவது இப்படித்தான்.

சரி, இன்னொரு வகை? 2015இல் விவரிக்கப்பட்ட இது ஜோடியின் இரண்டு புரதங்களையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. ஜோடி பிரியாவிட்டால் வைரஸால் செல்லின் சவ்வோடு கலக்க முடியாது. நாலு வகையும் அடங்கும், இதில் ஒரு பிரிவு ஜிகா வைரஸையும் அடக்கும். தடுப்பூசி தூண்ட வேண்டியது இதைத்தான் என்பேன்.