மாடியில விதை போட்டு சுக்கினி வளர்த்த அனுபவம் – கோயம்புத்தூர்ல இருந்து

வெள்ளரிக்கா மாதிரி நீளமா காய்க்கற, பூசணிக் குடும்பத்துக் காய்தான் சுக்கினி. அதோட விதைய ஆசையா வாங்கிப் போட்டு, செடியும் நல்லா தளதளன்னு வந்து, பிஞ்சு விட்டு, அந்தப் பிஞ்சு எல்லாம் நுனியில மஞ்சளாகி அழுகி விழுந்ததும் "இது குளிர் நாட்டுக் காய், நம்ம ஊருக்கு ஆகாது"ன்னு விட்டுட்டவங்க நிறைய பேர எனக்குத் தெரியும். அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். கோயம்புத்தூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில சில வருஷமா ஒவ்வொரு பனிக்காலத்துக்கும் போட்டு காய் எடுத்துட்டு வர்றேன். நல்லாவே வருதுங்க. ஆனா இந்தச் செடிக்கு ஒரு பருவம் இருக்கு, தினமும் காலையில ஒரு நேரம் இருக்கு. அது ரெண்டையும் தவற விட்டா எவ்வளவு உரம் கொட்டினாலும் இலைதான் மிஞ்சும்.

முதல்ல பருவம். மத்த காய்கறிக்கு ஆடிப்பட்டம் தேடி விதைக்கறோம், ஆனா சுக்கினிக்கு ஆடி சரிப்படாது, குறிப்பா எங்க பக்கம். பாலக்காட்டு கணவாய் வழியா வர்ற காத்து ஜூன் ஜூலைல மாடியில நிக்கவே விடாது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னா, உள்ள குழல் மாதிரி காலியா இருக்கற சுக்கினி இலைக்காம்பு எம்மாத்திரம், ஒரே ராத்திரியில மடங்கி ஒடிஞ்சு கிடக்கும். அதே மாதிரி அக்டோபர் நவம்பர் மழை கொட்டறப்ப போட்டா விதை மண்ணுக்குள்ளயே அழுகிடும், பூ வர்ற நேரம் மழை பிடிச்சுட்டா மகரந்தம் நனைஞ்சு வீணாயிடும். நான் பாக்கறது மழை ஓயற நேரம், அதாவது நவம்பர் கடைசி, கார்த்திகை பாதி. அப்ப விதைச்சா தை மாசத்துல காய் பறிக்கலாம். விதை முளைச்சு முதல் காய் பறிக்க 45ல இருந்து 55 நாள் ஆகும், இது பூசணிக் குடும்பத்துல ரொம்ப சீக்கிரம். மாசி பங்குனில வெயில் ஏற ஏற ஆண் பூ மட்டும்தான் வந்துட்டே இருக்கும், பெண் பூ குறைஞ்சிடும், இது அந்தக் குடும்பத்துக்கே உள்ள குணம், சூடு அதிகமானா ஆண் பூ பக்கம் போயிடும். 35 டிகிரிக்கு மேல போனா வந்த பெண் பூவும் சரியா காய் பிடிக்காது. அதனால மார்ச்ல விதை வாங்கிட்டு வந்து எங்கிட்ட கேக்கறவங்ககிட்ட, விதைய காத்து போகாத டப்பாவுல போட்டு எடுத்து வைங்க, நவம்பர்ல பாத்துக்கலாம்னுதான் சொல்லுவேன்.

விதை பாக்கறதுக்கு பரங்கி விதை மாதிரிதான், தட்டையா வெளுப்பா இருக்கும். ஒரு இஞ்ச் ஆழத்துல வெச்சா போதும். எங்க ஊரு நவம்பர் சூட்டுக்கு ஒரு வாரத்துக்குள்ள முளைச்சிடும், நாலஞ்சு நாள்லயே மண்ண தூக்கிட்டு வெளிய வர்றதும் உண்டு. நான் ட்ரேல போடறதில்ல, செடி வளர்க்கற க்ரோ பேக் பையிலயே நேரா போட்டுடறேன், ஏன்னா இதோட வேர் ஆட்டினா கோவிச்சுக்கும், பிடுங்கி நட்டா ஒரு வாரம் பத்து நாள் அப்படியே நின்னுடும். நாத்து விட்டே ஆகணும்னா பேப்பர் கப்ல விட்டு, விதையிலைக்கு அடுத்த இலை வந்த உடனே கப்போட புதைச்சிடுங்க. ஒரு பைக்கு ரெண்டு விதை போட்டு, ரெண்டும் வந்தா நோஞ்சான கத்தரிக்கோல்ல அடியோட வெட்டி விட்டுடணும், பிடுங்கக் கூடாது, பிடுங்கினா நிக்கற செடியோட வேரும் சேந்து அசையும். அப்புறம் அணில் எலித் தொல்லை இருக்கற மாடியில விதை போட்ட அன்னைக்கே, அடி வெட்டின வாட்டர் பாட்டில மேல கவுத்தி வெச்சிடுங்க, பூசணி விதைன்னா அதுங்களுக்கு அவ்ளோ இஷ்டம், வாசம் பிடிச்சு தோண்டிடும்.

பை 15க்கு 15 இஞ்ச்சுக்கு குறையக் கூடாது, 18க்கு 18 இருந்தா நிம்மதி, ஒரு பைக்கு ஒரே செடி. மண்கலவை பெரிசா ஒண்ணும் இல்ல, செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் சம பங்கு, கூட ரெண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. பூ வர ஆரம்பிச்சதும் நல்லா சாப்பிடற செடி இது, வாரம் ஒரு தடவ கடலைப் புண்ணாக்கு ஊற வெச்ச தண்ணி, மாத்தி ஒரு வாரம் பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி, இதுவே போதும். இந்தச் செடியில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், பந்தல் வேண்டாம். பீர்க்கன், புடலைன்னா கம்பி கட்டணும், வலை கட்டணும். சுக்கினி கொடி ஓடாது, புதரா நிக்கும், ஆனா அகலம் மூணு அடி வரைக்கும் விரியும், அதுக்கு இடம் விட்டு வைக்கணும். வயசாக ஆக தண்டு நீண்டு ஒரு பக்கமா சாயும், அப்ப ஒரு குச்சி ஊனி தளர்வா கட்டி விட்டா சரி.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், பூ. முதல்ல வர்றது பெரும்பாலும் ஆண் பூதான், நீளமான மெல்லிசு காம்புல நிக்கும். அத பாத்துட்டு காயே வரலன்னு பதற வேண்டாம், ஒரு வாரம் கழிச்சு பெண் பூ வரும், அதுக்கு காம்பு குட்டை, பூவுக்குப் பின்னாடியே விரல் கனத்துக்கு பிஞ்சு ஒட்டிட்டு இருக்கும். பிஞ்சு இருக்கு, அப்புறம் என்னன்னு விட்டுடக் கூடாது. அந்தப் பெண் பூ விரியறது ஒரே ஒரு காலைதான். விடியறப்ப விரியும், ஒம்பது பத்து மணிக்கெல்லாம் மூடிக்கும், மறுபடி திறக்கவே திறக்காது. அந்த மூணு நாலு மணி நேரத்துல தேனீ வந்தா உண்டு, இல்லன்னா நாமதான் செய்யணும்.

நான் செய்யறது இதுதான். முந்தின நாள் சாயங்காலமே ஒரு சுத்து பாத்துடுவேன், மறுநாள் விரியப் போற மொக்கு பச்சை விட்டு ஆரஞ்சா மாறி நுனி லேசா நெகிழ்ந்து இருக்கும், அது எத்தன, ஆண் எத்தன பெண் எத்தனன்னு தெரிஞ்சிடும். காலையில ஆறரை வாக்குல போய் புதுசா விரிஞ்ச ஆண் பூவ காம்போட கிள்ளி, இதழ சுத்தி உரிச்சு எடுத்துட்டா நடுவுல மஞ்சத் தூள் அப்பின தண்டு மட்டும் நிக்கும். விரல் வெச்சு பாத்தா தூள் ஒட்டணும், ஒட்டலன்னா இன்னும் கொஞ்ச நேரம் வெயில் படட்டும்னு காத்திருக்கணும். அத பெண் பூ நடுவுல இருக்கற மடல் மடலான சூல்முடி மேல எல்லா பக்கமும் படற மாதிரி உருட்டித் தடவணும். எல்லா பக்கமும்னு சொல்றது சும்மா இல்ல, பாதி தடவினா காயும் பாதிதான் பெருக்கும், காம்புப் பக்கம் பருத்து நுனிப் பக்கம் சூம்பிப் போகும். சரியா பட்டுடுச்சுன்னா ரெண்டாவது நாளே பிஞ்சு மினுமினுன்னு நீள ஆரம்பிக்கும், படலன்னா நுனி மஞ்சளாகி சுருங்கும். எல்லாரும் நோய்னு நெனச்சு மருந்தடிக்கறது பெரும்பாலும் இதைத்தான். மகரந்தம் படாத பிஞ்சுக்கு எந்த மருந்தும் இல்ல.

இதுக்காகவே ஒரு செடி மட்டும் வைக்காதீங்க. ஒரே செடியில பெண் பூ விரியற அன்னைக்கு ஆண் பூ விரியாம போறது சாதாரணம். மூணு நாலு செடி இருந்தா ஏதாவது ஒண்ணுல ஆண் பூ இருக்கும். பக்கத்துல துளசி, சாமந்தி வெச்சதுக்கப்புறம் எங்க மாடிக்கு கொசுத்தேனீ நல்லாவே வருது, சில நாள் நான் போறதுக்குள்ள அதுங்க வேலைய முடிச்சிருக்கும். காலையில நேரமே கிடைக்காதவங்க, எட்டாவது மாடி பால்கனியில வைக்கறவங்களுக்கு வேற வழி இருக்கு, பார்ட்டெனான், காவிலி மாதிரி ரகம் மகரந்தம் படாமலே காய் பிடிக்கும், விதை விலை கூடத்தான், ஆனா அந்த இடத்துக்கு அதுதான் சரி.

பூச்சி நோய்னு பாத்தா செடி சின்னதா இருக்கறப்ப சிவப்பு வண்டு, விதையிலையவே சல்லடையாக்கிடும். எங்க அத்தை "அடுப்புச் சாம்பல பனி ஈரம் இருக்கறப்பவே தூவி விடு கண்ணு"ன்னு சொன்னாங்க, அத்தோட காலையில வண்டு மந்தமா இருக்கறப்ப கையாலயே பிடிச்சு எடுத்துடறேன், அது போதுமா இருக்கு. பழ ஈ இன்னொன்னு, பிஞ்சுல ஊசி குத்தின மாதிரி புள்ளி, அதுல பிசின் கசிஞ்சா உள்ள புழு இருக்குன்னு அர்த்தம், பறிச்சு அழிச்சிடணும், கீழ போடக் கூடாது. மகரந்தம் தடவி ரெண்டு நாள் கழிச்சு பிஞ்சுக்கு மெல்லிசு வலைப் பை மாட்டி விட்டா குத்து விழாது.

இலையில வெள்ளித் திட்டு நரம்போரமா வரிசையா இருந்தா அது நோய் இல்ல, பல ரகத்துக்கு இலையே அப்படித்தான். விரல்ல தேச்சா மாவு மாதிரி வந்தாதான் சாம்பல் நோய், அது பனி சீசன்ல கட்டாயம் வரும். இதுக்கு நான் அடிக்கறது பால். ஒரு பங்கு பாலுக்கு ஒம்பது பங்கு தண்ணி, வாரம் ஒரு தடவ, வெயில் இருக்கற காலையில, இலைக்கு மேலயும் அடியிலயும் நனையற மாதிரி. பாட்டி வைத்தியம்னு ஒதுக்கிடாதீங்க, பிரேசில்ல பெட்டியோல்னு ஒரு விஞ்ஞானி சுக்கினி செடியிலயே பசுங்குடில்ல இத சோதிச்சு 1999ல ஆய்வுக் கட்டுரையே போட்டிருக்கார், 10 சதவீதமும் அதுக்கு மேலயும் பால் கலந்து அடிச்சதுல பூஞ்சைக்கொல்லி மருந்துக்கு ஈடா கட்டுப்பட்டிருக்கு. என் அனுபவத்துல ஆரம்பத்துலயே அடிச்சா நிக்குது, இலை முழுக்க வெளுத்தப்புறம் அடிச்சா பெரிசா பலன் இல்ல, அப்ப அடி இலைய வெட்டி எடுத்துடறதுதான் நல்லது. வெள்ளை ஈ, அசுவினிக்கு மஞ்சள் ஒட்டு அட்டை, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி கொஞ்சம் சோப்புக் கரைசலோட. அதையும் மீறி இலை சுருண்டு மேடுபள்ளமா மஞ்சள் பச்சை கலந்து தேமல் வந்துடுச்சுன்னா அது வைரஸ், மனச கல்லாக்கிட்டு அந்தச் செடிய அன்னைக்கே பிடுங்கிடுங்க, அத காப்பாத்தப் போய் பக்கத்து செடியெல்லாம் போயிடும்.

பறிக்கறது ஆறுல இருந்து எட்டு இஞ்ச்ல. அந்த சமயம் ஒரு நாளைக்கு இஞ்ச் கணக்குல நீளும், இலைக்கு அடியில மறைஞ்சிருந்து கண்ணுக்குப் படாம விட்டா முழங்கை நீளத்துக்கு வந்துடும், உள்ள விதை முத்தி பஞ்சாயிடும். அதவிட நஷ்டம், ஒரு காய் முத்த விட்டா செடி தன் வேலை முடிஞ்சதுன்னு அடுத்த பூவ குறைச்சுக்கும். இதனாலதான் மாடிக்கு மஞ்சள் சுக்கினிய சிபாரிசு பண்றேன், பச்சை இலைக்குள்ள தூரத்துல இருந்தே பளிச்னு தெரியும். ருசியில பச்சைக்கும் மஞ்சளுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வரிவரியா புடைப்பு இருக்கற கோஸ்டாட்டா ரோமனெஸ்கோங்கற இத்தாலி ரகம் ருசி அருமை, ஆனா காய்ப்பு குறைவு, இடம் அதிகம் பிடிக்கும், இடம் இருக்கறவங்க ஒரு செடி வைங்க.

சமையல்ல இது 95 சதவீதம் தண்ணி, அதனால பொரியல்னா அகலமான கடாயில நல்ல தீயில சீக்கிரம் பிரட்டி கடைசியா உப்பு போடணும், முதல்லயே உப்பு போட்டா கொழகொழன்னு ஆயிடும். பாசிப்பருப்பு போட்டு கூட்டு வெச்சா எங்க வீட்டுல பீர்க்கங்காய் கூட்டுக்கு மேல போகுது. மகரந்தத்துக்கு தேவைப்படாத ஆண் பூவ உள்ள எறும்பு இருக்கான்னு பாத்துட்டு கடலைமாவுல தோச்சு பஜ்ஜி போட்டா மொறுமொறுன்னு இருக்கும், இதுக்காகவே ஒரு செடி கூட வைக்கலாம்.

விதை எடுக்கற விஷயத்துல மட்டும் ரொம்ப கவனம். ஹைப்ரிட், அதாவது ரெண்டு ரகத்த கலந்து உருவாக்கின விதையில இருந்து எடுத்தா அதே மாதிரி வராது. ப்ளாக் பியூட்டி மாதிரி, விதை எடுத்துப் போட்டா தாய்ச் செடி மாதிரியே வர்ற ரகம்னா ஒரு காய முழுசா முத்த விட்டு எடுக்கலாம், ஆனா மகரந்தம் தடவின பெண் பூவ நூல்ல கட்டி மூடியிருக்கணும். பக்கத்துல சுரை, பாகல், சாம்பல் பூசணி இருந்தா பரவாயில்ல, அதெல்லாம் வேற இனம், கலக்காது. அழகுக்கு வைக்கற குட்டி கலர் பூசணி பெரும்பாலும் சுக்கினியோட அதே இனம், அதோட கலந்துட்டா அடுத்த தலைமுறை காயில கசப்பு வரும். அந்தக் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின்ங்கற பொருள், அது நிஜமாவே விஷம். கசந்த சுரைக்காய் ஜூஸ் குடிக்காதீங்கன்னு நம்ம ஊர்ல எச்சரிக்கறாங்களே, அதே சமாச்சாரம். 2015ல ஜெர்மனில ஹைடன்ஹைம்ல வீட்டுல விளைஞ்ச கசப்பு சுக்கினிய சமைச்சு சாப்பிட்டு 79 வயசுக்காரர் ஒருத்தர் இறந்துட்டார். வேக வெச்சாலும் அது போகாது. அதனால வீட்டு விதையில வந்த காய்னா நறுக்கினதும் பச்சையா ஒரு சின்னத் துண்டு நாக்கு நுனியில வெச்சுப் பாருங்க, கசந்தா துப்பிட்டு, அந்தக் காய மட்டும் இல்ல, அந்தச் செடியில இருக்கற மத்த காயையும் சேத்து தூக்கிப் போட்டுடுங்க.