சாய்த்தால் மாறும் படம்: பிளெண்டரில் இரண்டு வருடம்

பள்ளிக்கூட நாளில் என் அடிமட்டத்தில் ஒரு மயில் இருந்தது. சாய்த்தால் தோகை விரிக்கும். மேலே இருந்த வரிகளை நகத்தால் சுரண்டினால் கிர்ரென்று சத்தம் வரும். சாய்த்தால் படம் மாறும் இந்த வகைக்கு லென்டிகுலர் அட்டை என்று பெயர். அந்த வித்தையை வீடியோவில் கொண்டுவர ஆசைப்பட்டு, கிளிநொச்சியில் என் ஸ்டூடியோ கணினியில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைப் போட்டு இரண்டு வருடமாகிறது.

முதலில் எடிட்டிங் மென்பொருளில் உள்ள, ஒரு படத்தைக் கீற்றுக் கீற்றாக இன்னொன்றாக மாற்றும் டிரான்சிஷனைப் போட்டுப் பார்த்தேன். எல்லாக் கீற்றும் ஒரே நேரத்தில் மாறின. உண்மையான அட்டையில் அப்படி நடக்காது. கிட்டப் பிடித்துப் பார்க்கும்போது மேல் விளிம்புக்கு ஒரு கோணம், கீழ் விளிம்புக்கு வேறு கோணம். அதனால் மாற்றம் ஒரு ஓரத்தில் தொடங்கி மற்ற ஓரத்துக்கு ஊர்ந்து போகும். அந்த ஊர்தல் இல்லாவிட்டால் அட்டை போலவே இருக்காது.

அப்புறம் அட்டையின் வரிகளைப் போலவே அரை உருளைக் கண்ணாடிகளை பிளெண்டரில் அடுக்கி, ஒளியின் பாதையைக் கணக்கிடும் அதன் சைக்கிள்ஸ் எஞ்சினில் ரெண்டர் செய்தேன். அழகுதான், ஆனால் ஐந்து விநாடிக்கு ஒரு இரவு போனது.

இப்போது செய்வது எளிது. ஒரு தட்டைப் பிளேன், இரண்டு படங்கள், பிளெண்டரின் வேகமான ரெண்டர் எஞ்சினான ஈவீ. பிளேனின் மெட்டீரியலை நோடுகளை, அதாவது சிறு கட்டங்களை, இணைத்துச் செய்கிறேன். ஜியோமெட்ரி நோடில் உள்ள இன்கமிங், பார்வையின் திசையைத் தரும். அதை, எண்களின் அளவை மாற்றும் மேப் ரேஞ்ச் வழியாக, இரண்டு படங்களையும் கலக்கும் மிக்ஸுக்குக் கொடுத்தேன். அட்டையைச் சாய்த்தால் படம் மாறவே இல்லை! இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் பிடிபட்டது: இன்கமிங் உலக அச்சில் அளக்கிறது, அட்டை திரும்புவது அதற்குத் தெரியாது. இடையில் வெக்டர் டிரான்ஸ்ஃபார்மைப் போட்டு வேர்ல்டிலிருந்து (உலக அச்சு) ஆப்ஜெக்டுக்கு (அட்டையின் சொந்த அச்சு) மாற்றியதும் சரி வந்தது. கமராவைக் கிட்டக் கொண்டுபோனால் ஊர்தலும் தானாக வருகிறது, மிக்ஸுக்கு எந்த நேரத்தில் என்ன மதிப்பு என்று கையால் குறிக்கும் கீஃபிரேமே வேண்டாம்.

அட்டையின் வரிகளுக்கு, அலை வடிவம் தரும் வேவ் டெக்ஸ்சரை, பரப்பை மேடுபள்ளமாகக் காட்டும் பம்பில் கொடுக்கிறேன். 300 வரி வைத்த வீடியோ வாட்ஸப்பில் போனதும் கலங்கிவிட்டது. 1080 பிக்சல் உயரத்துக்கு 120 வரி நிற்கிறது.

ஆழம் காட்டும் வகை அட்டையை மட்டும் இதில் எதிர்பார்க்க வேண்டாம். அதில் ஒவ்வொரு கண்ணுக்கும் வெவ்வேறு படம் போக வேண்டும், சாதாரணத் திரை இரண்டு கண்ணுக்கும் ஒன்றையே காட்டும்.

எனக்கு மிகப் பிடித்தது இரணைமடுக் குளத்தை வைத்துச் செய்த வேலை. ஆவணியில் வற்றிய குளம், மார்கழியில் வான்கதவு திறந்த குளம். இரண்டிலும் அணைக்கட்டின் கோடு ஒரே இடத்தில் விழும்படி பொருத்தவே அரை நாள் போனது. வெயில் வானத்தின் வெள்ளை மழைப்படத்தில் கொஞ்சம் பேய் நிழல்போல மங்கலாகத் தெரிகிறது. உண்மையான அட்டையிலும் அப்படித் தெரியும் என்பதால் அதை அழிக்கவில்லை.