ஏணையா, கட்டிலா, பாயா? பிள்ளையின் இரவுத் தூக்கம்: ஓர் ஒப்பீடு

மகளுக்கு ஒன்பது மாதமாக இருக்கும்போது இரவில் நாலைந்து தடவை எழும்புவாள். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் ஆளுக்கொரு மருந்து இருந்தது. அம்மாவுக்கு ஏணை. டொராண்டோவில் இருக்கும் அண்ணிக்குத் தனிக்கட்டில். பக்கத்து வீட்டு மாமிக்குப் பாய். ஒன்று விடாமல் செய்து பார்த்தோம்.

ஏணையில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதில்தான் தொடங்குவார்கள். பழைய பருத்திச் சேலை, வளையில் ஒரு கயிறு, சேலை மூடிக்கொள்ளாமல் நடுவில் ஒரு தடி. கச்சான் காற்று அனலாக வீசும் ஆடியிலும் துணிக்குள் காற்றோட்டம் இருக்கும். ஐந்து நிமிடம் ஆட்டினால் கண் சொருகிவிடும். இந்த வேகத்துக்கு ஈடாக வேறு எதுவும் இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கைக்குழந்தையின் உறக்கச் சுற்று கிட்டத்தட்ட ஒரு மணிநேரம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அரைகுறையாக விழிப்பது இயல்பு. எந்த நிலையில் கண் மூடினாளோ அதே நிலையைத்தான் விழிக்கும்போதும் தேடுவாள். ஆடும்போது உறங்கியவளுக்கு ஆடாத ஏணை அந்நியம். ஆக, இரவு ஒன்றரைக்கும் கயிறு என் கையில். அதைவிடப் பெரிய விஷயம், சேலை வளைந்து தொங்குவதால் கழுத்து உறைக்காத சிசுவின் நாடி நெஞ்சில் முட்டி மூச்சு தடைப்படலாம். பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஏணை சரி. இரவு முழுக்க என்றால் வேண்டாம் என்பதே என் கட்சி.

அண்ணி சொன்னது ஃபெர்பர் முறை. பிள்ளையை விழிப்பாக இருக்கும்போதே கட்டிலில் விட்டு வெளியே வரவேண்டும். அழுதால் சில நிமிடம் பொறுத்துப் போய் ஆறுதல் சொல்லிவிட்டு மறுபடி வெளியேறவேண்டும். பொறுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். கேட்கவே கல்நெஞ்சம் போல இருந்தது. ஆனால் 2016இல் அவுஸ்திரேலியாவில் 6 முதல் 16 மாதம் வரையான 43 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு வேறு கதை சொன்னது. அழவிட்ட பிள்ளைகள் விரைவாக உறங்கப் பழகினார்கள், இடையில் எழும்புவதும் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது தாயோடு உள்ள ஒட்டுறவிலோ நடத்தையிலோ மற்றப் பிள்ளைகளோடு வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான். இருந்தாலும் "அழவிட்டால் பிள்ளை மனம் உடைஞ்சு போகும்" என்ற பேச்சை அது கொஞ்சம் அடக்குகிறது.

எங்கள் வீட்டில் அந்த முறை மூன்றாம் இரவே தோற்றது. பிள்ளைக்காக அல்ல, சுவருக்காக. ஓர் அறைக்கும் மற்ற அறைக்கும் நடுவில் கூரைவரை சுவர் இல்லாத வீட்டில் யாரை எங்கே அழவிடுவது? மாமி வேலிக்கு வந்து "ஏன் பிள்ளை கத்துது?" என்று கேட்டதும் அம்மா போய்த் தூக்கிவிட்டார். தனி அறையும் கதவும் உள்ள ஊருக்கான வழி அது. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அது எந்த ஊரிலும் பொருந்தாது. கட்டில் மட்டும் நல்லது: சமமான இறுக்கமான மெத்தை, தலையணை இல்லை, மல்லாக்கப் படுக்கை.

பாயில் பக்கத்தில் கிடத்தினால் பால் கொடுக்கச் சுகம், எழும்பவே தேவையில்லை. ஆனால் ஒரு வயதுக்குள் பெரியவரின் தலையணையும் போர்வையும் முகத்தை மூடும் ஆபத்து உண்டு. பக்கத்தில் குடித்துவிட்டோ புகைப்பழக்கத்தோடோ ஒருவர் படுத்தால் சொல்லவே வேண்டாம். ஒரே அறை, வேறு படுக்கை என்பதுதான் நடுவழி.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது அதே ஆய்வில் இருந்த இன்னொரு முறை: நேரத்தை நகர்த்துவது. நாங்கள் ஏழரைக்கே கிடத்தி ஒன்றேகால் மணிநேரம் மல்லுக்கட்டினோம். உண்மையில் அவள் உறங்கியது எட்டே முக்காலுக்கு. சரி, எட்டே முக்காலுக்கே படுக்கவைத்தோம். சண்டை நின்றபிறகு சில நாளுக்கொரு தடவை 15 நிமிடம் முன்னால் இழுத்தோம். நாலரை வரை நீண்ட பகல் தூக்கத்தை மூன்றோடு நிறுத்தினோம். திருகோணமலையில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. அதைக் கெடுத்தது எங்கள் டியூப்லைட்டும் தொலைக்காட்சி நாடகமும்தான். தூக்கத்தை வரவைக்கும் ஹோர்மோனான மெலட்டோனினை வெளிச்சம் தள்ளிப்போடும். விளக்கைக் குறைத்து, உடம்பைத் தண்ணீரால் துடைத்து, நுளம்பு வலைக்குள் விட்டோம். அழுகை மிகக் குறைவு, பொறுமை நிறைய வேண்டும். நான் இதற்கே வாக்களிப்பேன்.

போனில் பாட்டுப் போடுவதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன்.

இந்த வழிகள் எதுவும் உதவாத இரவுகளும் உண்டு. இரண்டரை வயதில் ஒருநாள் பத்தரைக்கு வீரிட்டாள். கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. அம்மா நாவூறு கழித்தார். இது கெட்ட கனவு அல்ல, இரவு அலறல். கனவு பின்னிரவில் வரும். பிள்ளை விழித்து, பயந்து, நம்மைக் கட்டிக்கொள்ளும். அலறல் படுத்த முதல் சில மணிநேரத்தில், ஆழ்ந்த தூக்கத்தில் வரும், தொட்டால் தள்ளிவிடும், காலையில் ஒன்றும் நினைவிருக்காது. கனவுக்கு அணைப்பு, அலறலுக்குக் காவல் மட்டும்: எழுப்பாமல், அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பாலகன் உறக்கத்தில் சிரிக்கும்போது "நரி வெருட்டுது" என்பார்களே, அது இரண்டிலும் சேராது; அதை ரசிக்கலாம்.

தினமும் குறட்டை, திறந்த வாய், மூச்சு இடையில் நின்று திணறுவது, ஓயாமல் கால் உதைப்பது என்றால் கதை வேறு. மூக்கின் பின்னால் வீங்கிய சதையாக இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். குடும்பநல மாது அடுத்த தடவை வீட்டுக்கு வரும்போது முதலில் இதைச் சொல்லுங்கள். ஏணையா கட்டிலா என்ற வழக்கைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.