கொடிவழி வரைய வந்தவனுக்குச் சான்று எழுதக் கற்பித்த மென்பொருள்: கிராம்ப்ஸ்

குடும்ப மரம் ஒன்றை அழகாக வரைந்து அச்சிட வேண்டும் என்ற ஒரே ஆசையோடு கிராம்ப்ஸ் மென்பொருளைத் திறப்பவருக்கு முதல் அரை மணி நேரம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். திரையில் மரமும் இல்லை, கிளையும் இல்லை. இடப்பக்கப் பட்டியலில் மனிதர்கள், குடும்பங்கள், நிகழ்வுகள், இடங்கள், மூலங்கள், மேற்கோள்கள், காப்பகங்கள், படங்கள், குறிப்புகள் எனத் தனித்தனிப் பிரிவுகள் நிற்கின்றன. தாத்தாவின் பெயரை எழுதிப் பிறந்த ஆண்டைக் குறிக்கப் போனால், பிறப்பு என்பது ஒரு தனி 'நிகழ்வு', அதற்கு ஒரு நாள், ஓர் இடம், அதை எங்கிருந்து அறிந்தோம் என்பதற்கு ஒரு மேற்கோள் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சாளரங்கள் விரிகின்றன. ஓராண்டுக் காலம் இதைப் பயன்படுத்திய பிறகு எழுதும் இந்த மதிப்புரையில் நான் சொல்ல விரும்புவது, அந்தச் சாளரங்களே இந்த மென்பொருளின் பெரிய பலம் என்பதுதான். எனக்கு இது கணினிக் கருவியாக இருந்ததைவிட, குடும்ப வரலாற்றை ஆராயும் முறையைக் கற்றுத்தந்த ஆசிரியராக இருந்ததே அதிகம்.

டான் ஆலிங்ஹாம் என்பவர் 2001-இல் தொடங்கிய இத்திட்டம் இன்று தன்னார்வலர்களால் வளர்க்கப்படுகிறது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் இது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இலவசமாக இயங்கும். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை; நாம் எழுதுவது நம் கணினியிலேயே தங்கிவிடும். யூனிகோடு எழுத்துகளை ஏற்பதால் பெயர்களையும் குறிப்புகளையும் தமிழிலேயே எழுதலாம். ஆவணங்களைத் தேடித் தரும் வேலையை மட்டும் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பழைய பதிவேடுகளைத் தேட ஃபேமிலிசர்ச் போன்ற தளங்கள் இருக்கின்றன. 1894-இல் தொடங்கிய ஒரு வம்சாவளிச் சங்கத்தின் தொடர்ச்சியாக வந்த அந்தத் தளம், 1938 முதல் நுண்படச் சுருள்களில் எடுத்துவைத்த பதிவேடுகளை 2021-க்குள் மின்வடிவாக்கி முடித்தது. அங்கே உள்ள மரம் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே மரம் என்பதால் நாம் எழுதியதை வேறொருவர் திருத்தவும் முடியும். ஆகவே தேடுவதை அங்கே வைத்துக்கொண்டு, எடை போட்டு எழுதுவதைத் தன் வீட்டுக் கணினியில் வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்த மென்பொருள் கற்பிக்கும் முறையை விளக்க என் பாட்டியின் பிறந்த நாள் ஒன்றே போதும். அதற்கு என்னிடம் நான்கு சான்றுகள் இருந்தன. பள்ளிச் சான்றிதழ் 1933 மார்ச் என்கிறது. 1950 ஜூன் மாதத் திருமணப் பதிவில் வயது பதினெட்டு என்று எழுதியிருக்கிறது. 2004 நவம்பரில் பெற்ற இறப்புச் சான்றிதழில் வயது எழுபத்தைந்து. அப்படியானால் பிறப்பு 1928 அல்லது 1929-க்குப் போகிறது. நான்காவது, பாட்டியே அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியம்: "அண்ணனுக்கு அஞ்சு நடக்கறப்போ நான் பொறந்தேன்." முன்பெல்லாம் நான் குறிப்பேட்டில் பள்ளிச் சான்றிதழின் நாளை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றை மறந்திருந்தேன், ஏனெனில் அதில்தான் நாள், மாதம், ஆண்டு மூன்றும் முழுமையாக இருந்தன.

கிராம்ப்ஸில் ஒவ்வொரு மேற்கோளையும் சேர்க்கும்போது அதன் நம்பகத்தன்மையை மிகக் குறைவு, குறைவு, சாதாரணம், அதிகம், மிக அதிகம் என்ற ஐந்து படிகளுள் ஒன்றாகக் குறிக்க இடம் உண்டு. நிரப்பாமலும் கடந்துவிடலாம். ஆனால் இறப்புச் சான்றிதழுக்கு எதைக் குறிப்பது என்று யோசித்தபோதுதான், அந்த வயதை அலுவலகத்தில் சொன்னவர் யார் என்ற கேள்வி எனக்கு எழுந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபடி, படிவத்தை நீட்டியவரிடம், "எழுபத்தைந்து இருக்கும்" என்று சொன்னவன் நானேதான். இருபது ஆண்டுகள் கழித்து, முத்திரை குத்திய அந்தத் தாளை அரசு ஆவணம் என்ற மரியாதையோடு கையில் வைத்துக்கொண்டிருந்தேன். இறந்த நாளுக்கு அது நேரடிச் சான்று. பிறந்த ஆண்டுக்கு அது பேரனின் ஊகம். ஒரே தாளில் உள்ள இரு செய்திகளுக்கு இரு வேறு எடை உண்டு என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, இப்படி அகப்பட்டுக்கொண்டு தெரிந்துகொள்வது வேறு. அதற்கு 'மிகக் குறைவு' என்று குறித்தேன்.

பாட்டியின் வாய்மொழி, நான் கதை என்று ஒதுக்கியிருந்தது, கடைசியில் கைகொடுத்தது. அவருடைய அண்ணனின் பிறப்பு 1926 அக்டோபரில் பதிவாகியிருக்கிறது. ஐந்து நடக்கிறது என்றால் நான்கு நிறைந்து ஐந்தாவது ஓடுகிறது என்று பொருள். ஆகவே பாட்டி 1930 அக்டோபருக்கும் 1931 அக்டோபருக்கும் இடையே பிறந்திருக்க வேண்டும். திருமணப் பதிவில் உள்ள பதினெட்டு நிறைந்த வயது என்று கொண்டால் 1931 ஜூனுக்கும் 1932 ஜூனுக்கும் இடையே வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் 1931 ஜூன் முதல் அக்டோபர் வரை. பள்ளிச் சான்றிதழின் 1933 சேர்க்கையின்போது குறைத்துச் சொன்ன வயதாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. அதையும் அழிக்காமல் இரண்டாவது பிறப்பு நிகழ்வாகவே வைத்திருக்கிறேன். ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிறப்பு நிகழ்வுகளை எழுதவும், அவற்றுள் முதலில் இருப்பதை முதன்மையாகக் கொள்ளவும் இம்மென்பொருள் அனுமதிக்கிறது. ஏன் இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைக் குறிப்புப் பகுதியில் பத்து வரிகளில் எழுதியும் வைத்தேன். நாளை யாரேனும் மறுக்க விரும்பினால், எந்த வரியில் கை வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நாள்களைக் கையாளும் விதத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். 'முன்', 'பின்', 'ஏறத்தாழ' ஆகியவற்றோடு, இரு நாள்களுக்கு இடையே ஏதோ ஒரு நாளில் நடந்தது என்பதையும், ஒரு நாளில் தொடங்கி மற்றொரு நாள்வரை நீடித்தது என்பதையும் இது வேறுபடுத்துகிறது. முன்னது பாட்டியின் பிறப்பு. பின்னது தாத்தா பார்த்த உத்தியோகம். கிரிகோரியன், ஜூலியன், இஸ்லாமிய, பாரசீக, எபிரேய நாள்காட்டிகளிலும் எழுதலாம். 1582-இல் கிரிகோரியன் முறை வந்தபோதும் பிரித்தானியாவும் அதன் குடியேற்றங்களும் 1752-இல்தான் அதற்கு மாறின என்பதால், அக்காலப் பதிவேடுகளைப் புரட்டுவோர் ஆவணத்தில் உள்ள நாளை அப்படியே எழுதிவைக்க இந்த வசதி உதவும்.

இடங்களுக்கும் இதே கவனம் தெரிகிறது. ஓர் இடத்தின் பெயரும், அது எந்த நிர்வாகப் பிரிவுக்குள் அடங்கியது என்பதும் காலத்தோடு மாறக்கூடியவை என்று ஏற்றுக்கொண்டு அமைத்திருக்கிறார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1914-இல் பெட்ரோகிராட் ஆனது, 1924-இல் லெனின்கிராட் ஆனது, 1991-இல் பழைய பெயருக்கே திரும்பியது. ஒரே வீட்டில் பிறந்த மூன்று தலைமுறையினரின் ஆவணங்களில் மூன்று ஊர்ப் பெயர்கள் இருக்கலாம். இதில் ஊர் ஒன்றாகவே இருக்கும். பெயர்கள் மட்டும் உரிய ஆண்டுகளோடு அதன்கீழ் அமையும். எந்தக் காப்பகத்தில் தேடுவது என்பதே அந்த ஆண்டில் அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது என்பதால் இது வெறும் அலங்காரம் அன்று. பெயர்களிலும், தந்தை பெயரை ஒட்டி வருவது, தொழிலை ஒட்டி வருவது என்று வகைப்படுத்தலாம். குடும்பப் பெயரே இல்லாதவர் இருந்தாலும் மென்பொருள் முரண்டு பிடிப்பதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. புகைப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் இது தன் தரவுத்தளத்துக்குள் இழுத்துக்கொள்ளாமல், அவை எந்தக் கோப்புறையில் உள்ளன என்பதை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறது. கோப்புறையை இடம் மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். தொடக்கத்திலேயே எல்லாப் படங்களுக்கும் ஒரே கோப்புறை என்று முடிவு செய்துகொள்வது நல்லது. கைப்பேசியில் பயன்படுத்த நினைப்பவர்களுக்கும், குடும்பத்தினர் பலர் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்பவர்களுக்கும் இது ஏற்றதன்று; அதற்கு கிராம்ப்ஸ் வெப் என்ற இணைய வடிவம் உண்டு, ஆனால் அதை நிறுவுவதற்கே கொஞ்சம் கணினி அறிவு வேண்டும்.

வேறு மென்பொருளுக்கு மாறும்போதும் இழப்பு நேரும். இத்துறையில் பரிமாற்றத்துக்கெனப் பயன்படும் ஜெட்காம் வடிவம் 1984-இல் உருவானது. 1999-இல் வரைவாக வந்த 5.5.1 பதிப்பே நீண்ட காலம் நடைமுறையில் இருந்து 2019-இல்தான் முறையாக இறுதி பெற்றது, 7.0 பதிப்பு 2021-இல் வந்தது. கிராம்ப்ஸ் ஜெட்காம் 5.5.1 வடிவில் தரவை ஏற்றவும் இறக்கவும் செய்யும். ஆனால் ஒரு நிகழ்வைப் பலருக்குப் பொதுவாக இணைப்பது, இடங்களை அடுக்கடுக்காக அமைப்பது முதலிய அதன் சிறப்புகள் அப்படியே போய்ச் சேர்வதில்லை. காப்புப் படிக்குக் கிராம்ப்ஸின் சொந்த எக்ஸ்எம்எல் வடிவத்தையே பயன்படுத்த வேண்டும். ஏற்றுமதி செய்யும்போது உயிருடன் இருப்பவர்களின் விவரங்களை விலக்கும் வசதி உள்ளது. உறவினருக்குக் கோப்பை அனுப்பும் முன் அதைத் தவறாமல் அழுத்துங்கள்.

தரவைச் சரிபார்க்கும் கருவி ஒன்று இதில் இருக்கிறது. நான் முதன்முதல் ஓட்டியபோது, என் பூட்டனார் ஒருவர் தன் தாய்க்கு மூன்று வயது இருக்கையில் பிறந்ததாகச் சுட்டியது. இரண்டு தலைமுறைகளில் ஒரே பெயர் இருந்ததால் நான் செய்த குழப்பம் அது.

அறிக்கைகளுள் நான் மிகுதியாகப் பயன்படுத்துவது முன்னோர் எண் பட்டியல். 1590-இல் மிகாயேல் ஐட்சிங்கர் பதிப்பித்த நூலில் காணப்படும் முறை இது: நாம் 1, தந்தை 2, தாய் 3, எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தை, அதோடு ஒன்றைக் கூட்டினால் தாய். 22 என்ற எண்ணைப் பார்த்ததும், தந்தையின் தாயின் தாயின் தந்தை என்று விரல்விட்டுச் சொல்லிவிடலாம். அச்சுக்கு இதன் வரைபடங்கள் சுமார்தான்; சுவரில் மாட்டும் அழகான மரம் வேண்டுவோர் வேறு இடம் பார்க்க வேண்டும்.

அந்தப் பட்டியலை அச்சிட்டு அத்தைக்கு அனுப்பினேன். சிவப்பு மையில் மூன்று திருத்தங்களோடு திரும்பி வந்தது. 22-ஆம் எண்ணுக்கு எதிரே, "இவர் அவருடைய அப்பா இல்லை, வளர்த்தவர்" என்று எழுதியிருந்தார். தாளை ஸ்கேன் செய்து கோப்புறையில் சேர்த்து, அத்தையைப் புதிய மூலமாகப் பதிந்து, அவர் எழுதிய நாளையும் குறித்துவிட்டு, உறவு வகையில் 'வளர்ப்பு' என்று மாற்றினேன். நம்பகத்தன்மைக்கு இப்போதைக்குச் சாதாரணம். அத்தைக்கு அதைச் சொன்னவர் யார் என்று இன்னும் கேட்கவில்லை.