டெல்டா சேற்றில் ஹைட்ராலிக் கிளட்ச்: வீட்டிலேயே ஏர் எடுத்த அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் ஆற்றங்கரைப் பாதையிலும் வயலுக்குள் போகும் வண்டித் தடத்திலும் பல வருடங்களாக என் ஃபோர் வீல் டிரைவ் டீசல் ஜீப்பை ஓட்டி வருகிறேன். நெல் மூட்டை, உர மூட்டை, மோட்டார் பம்பு என்று எல்லாம் ஏற்றியாகிவிட்டது. இன்ஜின், டயர், சஸ்பென்ஷன் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். கிளட்ச் ஆயிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் நம்ம ஊர் ஈரத்தில் வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் மாற்ற வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான கருத்து. பெடல் தொய்யும் வரை காத்திருக்கக் கூடாது. நான் வடகிழக்குப் பருவமழை முடிந்து, சம்பா அறுப்புக்குத் தடம் காயும் தை மாதத்தில் இதைச் செய்துவிடுகிறேன்.

கிளட்ச் ஆயில் என்று நாம் சொல்வது பிரேக் ஆயிலேதான். பெடலை மிதித்தால் மேலே மாஸ்டர் சிலிண்டர் இந்த ஆயிலைத் தள்ளும், கீழே ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விலக்கும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புது டாட் 4 (பாட்டிலில் DOT என்று போட்டிருக்கும் தர எண்) ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205, 140. சூடு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த நீர் சிலிண்டரின் உட்சுவரை அரிப்பதுதான் பெரிய கேடு. அரித்த இடத்தில் ரப்பர் சீல் உரசிக் கிழியும், ஆயில் கசியும், காற்று ஏறும். காற்று அமுங்கிவிடுவதால் மிதித்த மிதி கிளட்சுக்குப் போய்ச் சேராது. அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம்.

சேறும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. என் வண்டியில் ஸ்லேவ் சிலிண்டர், கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் வெளிப்பக்கம், கீழே இருக்கிறது. நடவு சமயத்தில் வரப்போரம் இறங்கி ஏறினால் களிமண் அப்படியே அப்பிக்கொள்ளும். காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகி, கிளட்சைத் தள்ளும் கம்பியான புஷ் ராடைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையைக் கிழித்துவிடும். அதனால் ஒவ்வொரு சேற்று ஓட்டத்துக்கும் பிறகு பாடி கழுவுகிறேனோ இல்லையோ, அந்த இடத்தில் தண்ணீர் அடித்துவிடுவேன். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் ஓட்டுபவர்களுக்கு உப்பும் சேர்ந்துகொள்ளும். அங்கே ஏர் எடுக்கத் திறக்கும் ப்ளீடர் நிப்பிள் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்வது சாதாரணம். நிப்பிள் தலையில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்க வேண்டும். பல வண்டிகளில் அது இருப்பதே இல்லை. இல்லையென்றால் உடனே வாங்கிப் போடுங்கள்.

கிளட்ச் பிளேட் போய்விட்டதா, ஆயில் பிரச்சினையா என்று குழம்புபவர்கள் நிறைய. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகரவில்லை என்றால் அது பெரும்பாலும் பிளேட். இன்ஜின் ஓடும்போது முதல் கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது, இன்ஜினை அணைத்தால் அதே கியர் வெண்ணெயாக விழுகிறது என்றால் கிளட்ச் சரியாகக் கட் ஆகவில்லை. ஹைட்ராலிக்கை முதலில் பாருங்கள். பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் தற்காலிகமாகச் சரியாகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. இந்தப் பக்கம் ஒரு பட்டறையில் எனக்கு முழு கிளட்ச் செட் மாற்றச் சொன்னார்கள். ஸ்லேவ் சிலிண்டரின் உறையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம். சீல் கிட் மாற்றி ஏர் எடுத்ததும் வேலை முடிந்தது. அதே பிளேட்தான் இன்றும் ஓடுகிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிரேக் பேட் தேயத் தேய பானட்டுக்குள் இருக்கும் சின்ன ஆயில் டேங்கில் அளவு இறங்கும். கிளட்சில் இது தலைகீழ். பிளேட் தேயும்போது ஸ்லேவ் பிஸ்டன் உள்ளே தள்ளப்படுவதால் அளவு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆகவே கிளட்ச் டேங்கில் ஆயில் குறைந்தால் அது கசிவுதான், வேறு காரணம் தேட வேண்டாம். ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முந்தின நாள் இரவே நிப்பிளில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைப்பேன். திறக்க ரிங் ஸ்பானர் மட்டும்தான். ஓப்பன் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கிவிடும். மீன் தொட்டிக்கு விற்கும் கண்ணாடி போன்ற குழாய் ஒரு முழம், அடியில் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய ஒரு பாட்டில். குழாயின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை அந்த ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். இவ்வளவுதான் சாமான். மேலே டேங்கில் இருக்கும் கறுத்த ஆயிலை முதலில் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை ஊற்றினால், அழுக்கு முழுவதும் குழாய் வழியாக இறங்க வேண்டியதில்லை. சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டேங்க். அங்கே இதைக் கூடுதல் கவனத்தோடு செய்யுங்கள், அளவு எப்போதும் மேலேயே நிற்கட்டும்.

ஆள் இருந்தால் அக்கா மகனை உட்கார வைப்பேன். "அமுக்கு" என்பேன், "அமுக்கிட்டேன் மாமா" என்பான். நிப்பிளைத் திறப்பேன், குமிழோடு ஆயில் வரும், மூடுவேன், அப்புறம்தான் "விடு". மூடும் முன் காலை எடுத்தால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போய்விடும். காற்று அதிகமாக இருந்தால் பெடல் தரையிலேயே கிடக்கும். கையால் தூக்கிவிட வேண்டும், அதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் வருடாந்திர மாற்றத்துக்கு நான் மனதார விரும்புவது சும்மா ஒழுக விடுவதைத்தான். டேங்க் மூடியை எடுத்துவிட்டு, நிப்பிளை அரைச் சுற்று திறந்து, புவியீர்ப்பு இழுக்கட்டும் என்று விட்டுவிடுவேன். தனியாகவே செய்யலாம். மேலே ஆயில் அடியைத் தொடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும். கால் லிட்டர் தாராளமாகப் போதும். தெளிந்த ஆயில் வரும் வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும். வேக்யூம் பம்பும் வாங்கிப் பார்த்தேன், சிபாரிசு செய்ய மாட்டேன். நிப்பிள் மரை இடுக்கு வழியாக வெளிக்காற்றை உறிஞ்சி, முடிவில்லாமல் குமிழ் காட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே காற்று தீர்ந்ததா என்றே தெரியாது. சிலிண்டர் புதிதாக மாற்றிய பிறகு மட்டும் சிரிஞ்சால் கீழே நிப்பிள் வழியாக மேல்நோக்கி ஆயில் ஏற்றுவேன். காற்று இயல்பாக மேலேதானே போகும்! டேங்க் வழிந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பெயின்டில் பட்டால் உரித்துவிடும். பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எவ்வளவு எடுத்தும் பெடல் இறுகவில்லையா? பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்புகிறதா என்று பாருங்கள். மிதித்துப் பிடித்தால் பெடல் மெதுவாக இறங்குகிறது, வெளியே கசிவும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போய்விட்டது. ஏர் எடுத்து அதைச் சரி செய்ய முடியாது.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சின்ன பாட்டிலாக வாங்கி, திறந்ததை அந்த வேலையோடு முடித்துவிடுங்கள். பாதி பாட்டில் அலமாரியில் இருந்தால் நம்ம ஊர்க் காற்று அதைக் கெடுத்துவிடும். இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு சொட்டும் கலக்கக் கூடாது, சீல் எல்லாம் உப்பிப்போகும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐயும் இதோடு சேர்க்கக் கூடாது.

நடுக் கரையில் கிளட்ச் போய்விட்டால் வீடு வர ஒரு வழி உண்டு. இன்ஜினை அணைத்து, ஃபோர் லோவில் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை) முதல் கியர் போட்டு, முன்னால் ஆளோ மாடோ இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். வண்டி நகர்ந்தபடியே இன்ஜின் பிடித்துக்கொள்ளும். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இது நடக்காது.

புது வண்டிகள் பலவற்றில் ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே, கிளட்சை அமுக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து இருக்கிறது. ஏர் எடுக்கும் நிப்பிள் வெளியே நீட்டியிருக்கும், ஆகவே ஆயில் மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். சிலிண்டரே கசிந்தால் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ஜாக்கி போட்டு, மண் தரையில் படுத்து அந்த வேலையைச் செய்யாதீர்கள், அதற்கு லிஃப்ட் உள்ள பட்டறைதான் சரி. இறக்கும்போதே பிளேட், பிரஷர் பிளேட்டையும் பார்த்துத் தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், இரண்டாவது முறை இறக்கும் கூலி மிச்சமாகும்.